படாத அடிக்கும் ரெட் கார்டு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா பையன் கால்பந்து ஆடுகிறான் என்று வியாசர்பாடிக்குப் போயிருந்தேன். பதினேழு வயது. இடது ஓரத்தில் ஓடுகிற விங்கர். கால் வேகம், வாய் அதைவிட வேகம். இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எதிரணி டிஃபெண்டர் பின்னாலிருந்து இவன் ஜெர்சியைப் பிடித்து இழுத்தான். இவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் முழங்கையைப் பின்பக்கம் வீசினான். அந்தப் பையன் சட்டென்று தலையைச் சாய்த்துக்கொள்ள, முழங்கை காற்றைத்தான் குத்தியது. ரெஃப்ரி நேராக ஓடிவந்து, ஆட்டத்தை விட்டே வெளியே போ என்று ரெட் கார்டைத் தூக்கிவிட்டார்.

ஓட்டேரிக்குத் திரும்பும்போது வண்டியின் பின்சீட்டில் ஒரே புலம்பல். "மாமா, பட்டுச்சா? படவே இல்லல்ல? இழுத்தது அவன். அவனுக்கு ஒண்ணுமில்ல, எனக்கு ரெட்டா?" கணேசபுரம் சுரங்கப்பாதை தாண்டும்வரை பொறுத்திருந்தேன். அப்புறம், "டேய், ரெஃப்ரி செஞ்சது சரிதான்டா" என்றேன். ராத்திரி சாப்பாட்டு நேரம்வரை அவன் என்னோடு பேசவில்லை.

ஆனால் அவன் கேட்டது நல்ல கேள்வி. டி.வி.யில் ஆட்டம் பார்க்கிற பலருக்கும் இதே குழப்பம் உண்டு. ஒருவன் காலை உடைக்கிறான், மூன்று ஆட்டம் தடை. இன்னொருவன் கடிக்கிறான், நான்கு மாதம். வேறொருவன் தலையால் முட்டுகிறான், ஜெயிலுக்கே போகிறான். எந்தக் கணக்கில் இதெல்லாம்?

முதலில் மைதானத்துக்குள் நடப்பதைப் பார்ப்போம். கால்பந்துக்கு மொத்தம் 17 விதிகள். அதில் 12-வது விதிதான் ஃபவுலையும் ஒழுங்கீனத்தையும் பேசுகிறது. உலகக் கோப்பை இறுதிக்கும் சென்னை லீக் ஆட்டத்துக்கும் அதே விதிதான். ஒருவர் மோதுகிறார், உதைக்கிறார், தட்டிவிடுகிறார் என்றால் ரெஃப்ரி அதை மூன்று படிகளில் ஒன்றில் வைக்கவேண்டும். வெறும் கவனக்குறைவு என்றால் ஃப்ரீ கிக்கோடு முடிந்தது, கார்டு கிடையாது. எதிராளிக்கு என்ன ஆகும் என்று யோசிக்காமல் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று பாய்ந்தால் மஞ்சள் அட்டை, அதாவது எச்சரிக்கை. தேவைக்கு மீறிய பலத்தோடு, எதிராளியின் உடம்புக்கே ஆபத்து வருகிற மாதிரி போனால் சிவப்பு.

சிவப்பிலும் இரண்டு வகை இருக்கிறது. இங்கேதான் பலரும் தடுமாறுவார்கள். எங்கள் பக்கத்து கோச் ஒருவர் ஓரத்தில் நின்று கத்துவார்: "பாலுக்குப் போ, ஆளுக்குப் போகாத!" விதிப் புத்தகம் பக்கம் பக்கமாகச் சொல்வதை அவர் அந்த ஒரு வரியில் முடித்துவிடுவார். பந்துக்காகப் போட்டியிடும்போது அளவுமீறிய பலத்தைக் காட்டினால் அது கடுமையான முரட்டு ஆட்டம். பந்துக்கான போட்டியே இல்லாத நேரத்தில் ஒருவரைத் தாக்கினால் அது வன்முறை நடத்தை. கார்டின் நிறம் ஒன்றுதான், குற்றம் வேறு.

வன்முறை நடத்தைக்கான வாசகத்தை நிதானமாகப் படித்தால் என் அக்கா பையனின் கேள்விக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிடும். அளவுமீறிய பலத்தைப் பிரயோகித்தாலும் குற்றம், பிரயோகிக்க முயன்றாலும் குற்றம். அடி பட்டதா படவில்லையா என்பது கணக்கில் வராது. எதிராளி குனிந்து தப்பித்தது அவனுடைய சாமர்த்தியம். அதற்கான பரிசு அடித்தவனுக்கு எப்படிப் போகும்?

யாரை அடித்தாய் என்பதும் பொருட்டில்லை. எதிரணி ஆள், ரெஃப்ரி, கோச், கேலரியில் இருக்கும் ரசிகர், ஏன், சொந்த அணிக்காரனை அடித்தாலும் இதே விதிதான். 2005 ஏப்ரலில் நியூகாசில் அணியின் லீ போயரும் கீரன் டையரும் சொந்த மைதானத்திலேயே ஒருவரையொருவர் குத்திக்கொண்டார்கள். ஒரே அணி, ஒரே ஜெர்சி. இரண்டு பேரும் வெளியே. ஏற்கெனவே ஒருவர் வெளியேறியிருந்ததால் எட்டுப் பேரோடு ஆட்டத்தை முடித்து, ஆஸ்டன் வில்லாவிடம் 0-3 என்று தோற்றார்கள்.

ஒரு சலுகையும் உண்டு. பந்துக்கான போட்டி இல்லாதபோது ஒருவரின் தலையிலோ முகத்திலோ வேண்டுமென்றே கையால் அடித்தால் அது வன்முறை நடத்தைதான், ஆனால் அந்தப் பலம் மிக அற்பமாக இருந்தால் விட்டுவிடலாம் என்கிறது விதி. கன்னத்தில் லேசாகத் தட்டியதற்கே சுருண்டு விழுந்து உருளுகிற நடிகர் திலகங்களுக்காக வைத்த வாசல் அது என்று நினைத்துக்கொள்வேன். கடிப்பதும் துப்புவதும் தனிக் குற்றம். அவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது.

ரெஃப்ரியின் கையில் இந்த அட்டைகள் வந்த கதையை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. 1962 உலகக் கோப்பையில் சிலிக்கும் இத்தாலிக்கும் சாண்டியாகோவில் ஓர் ஆட்டம். குத்து, உதை எல்லாம் தாராளமாக நடந்தது. வெளியே போ என்று சொன்ன பிறகும் இத்தாலியின் ஃபெரினி நகர மறுக்க, போலீஸ் உள்ளே வந்து கூட்டிக்கொண்டு போனது. அன்றைய ரெஃப்ரி ஆங்கிலேயரான கென் ஆஸ்டன். நான்கு வருடம் கழித்து, 1966-ல், இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் அர்ஜென்டினா கேப்டன் ரட்டினும் இதே மாதிரி போகமாட்டேன் என்று நின்றார். அப்போது ஆஸ்டன் ரெஃப்ரிகளுக்குப் பொறுப்பாளர். மொழி தெரியாதவனுக்கும் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி லண்டனில் காரில் போனவருக்கு, சிக்னலில் மஞ்சளும் சிவப்பும் எரிந்தபோது விடை கிடைத்தது. 1970 உலகக் கோப்பையில் அட்டைகள் வந்தன. அந்த முறை சிவப்பை வெளியே எடுக்கவே வேண்டியிருக்கவில்லை. உலகக் கோப்பையின் முதல் ரெட் கார்டு 1974-ல் சிலியின் கார்லோஸ் காஸ்ஸெலிக்கு. மறுபடியும் சிலி!

சரி, கார்டு காட்டியாயிற்று. ஆள் வெளியே போனால் அணி பத்துப் பேரோடு ஆடவேண்டும். கதை அங்கே முடிவதில்லை. ரெஃப்ரி எழுதிக் கொடுக்கும் அறிக்கை ஒழுங்குக் குழுவின் மேசைக்குப் போகும். எத்தனை ஆட்டம் தடை, எவ்வளவு அபராதம் என்று முடிவுசெய்வது அந்த மேசைதான். நம் ஊர் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) ஆட்டங்களுக்கு அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஒழுங்குக் குழு, அதற்கு மேல் மேல்முறையீட்டுக் குழு. உலகக் கோப்பை என்றால் உலகக் கால்பந்தை நடத்தும் ஃபிஃபா அமைப்பின் குழு. ஃபிஃபாவின் ஒழுங்கு விதிகளில் முழங்கையால் இடிப்பது, குத்துவது, உதைப்பது போன்ற தாக்குதலுக்குக் குறைந்தது மூன்று ஆட்டம். ரெஃப்ரியைத் தாக்கினால் குறைந்தது 15 ஆட்டம், இல்லாவிட்டால் அதற்கு ஈடான காலத் தடை. 1998-ல் ரெஃப்ரி பால் ஆல்காக்கைத் தள்ளிவிட்ட பாவ்லோ டி கானியோவுக்கு இங்கிலாந்தில் 11 ஆட்டம்தான் கிடைத்தது. ரெஃப்ரி மேல் கை வைப்பதை மட்டும் இப்படித் தனியாகப் பார்ப்பது நியாயம் என்றே எனக்குப் படுகிறது. எதிராளி திருப்பி ஓர் இடி கொடுப்பான். ரெஃப்ரியிடம் இருப்பது ஒரு விசில்.

மேசைக்கு இன்னொரு வேலையும் உண்டு: ரெஃப்ரி பார்க்காததைப் பார்ப்பது. 1994 உலகக் கோப்பைக் காலிறுதியில் இத்தாலியின் மௌரோ டஸ்ஸோட்டி, ஸ்பெயினின் லூயிஸ் என்ரிக்கேயின் முகத்தில் முழங்கையால் இடித்து மூக்கை உடைத்தார். சட்டையெல்லாம் ரத்தம். ரெஃப்ரி கண்ணில் படவில்லை, கார்டும் இல்லை. இத்தாலி 2-1 என்று ஜெயித்தது. பிறகு வீடியோவைப் பார்த்த ஃபிஃபா டஸ்ஸோட்டிக்கு எட்டு ஆட்டம் தடை விதித்தது. அதன்பின் அவர் இத்தாலிக்கு ஆடவே இல்லை.

லூயிஸ் சுவாரஸ் கதை எல்லோருக்கும் தெரியும். 2014 ஜூன் 24, பிரேசிலின் நடால் நகரம், உருகுவேக்கும் இத்தாலிக்கும் ஆட்டம். இத்தாலியின் கியெல்லினியின் தோளில் உருகுவேயின் சுவாரஸ் கடித்தார். அவருக்கு இது மூன்றாவது கடி. 2010-ல் நெதர்லாந்தில் ஏழு ஆட்டமும், 2013-ல் இங்கிலாந்தில் பத்து ஆட்டமும் தடை வாங்கியிருந்தார். நடாலில் ரெஃப்ரி பார்க்கவில்லை. கடித்து இரண்டு நிமிடத்தில் உருகுவே கோல் போட்டது, இத்தாலி மூட்டை கட்டியது. ஃபிஃபா ஒன்பது சர்வதேச ஆட்டங்களுக்கும், நான்கு மாதம் கால்பந்து சார்ந்த எல்லாவற்றுக்கும் தடை போட்டது. கூடவே ஒரு லட்சம் சுவிஸ் ஃபிராங்க் அபராதம். விளையாட்டுகளுக்கான நடுவர் மன்றத்தில் முறையிட்டதில், பயிற்சி எடுத்துக்கொள்ளலாம், நட்பு ஆட்டம் ஆடலாம் என்ற தளர்வு கிடைத்தது, மற்றதெல்லாம் அப்படியே நின்றது.

இந்த இரண்டு கதையிலும் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. தண்டனை கிடைத்தது, சரி. அதனால் லாபம் யாருக்கு? அடிபட்ட ஸ்பெயின் வீட்டுக்குப் போய்விட்டது. கடிபட்ட இத்தாலியும் போய்விட்டது. சுவாரஸ் இல்லாத உருகுவேயை அடுத்த சுற்றில் 2-0 என்று வென்றது கொலம்பியா. கடித்த பல் இத்தாலிக்காரன் தோளில், பலன் கொலம்பியாவுக்கு! லீக் போட்டிகளிலும் இதே கதைதான். இந்த வாரம் உன் ஆளை உடைத்தவன், அடுத்த வாரம் வேறு அணிக்கு எதிராக உட்கார்ந்திருப்பான். புள்ளிப்பட்டியலில் அந்த வேறு அணி உன் போட்டியாளராகவே இருக்கலாம். மைதானத்தில் அந்த நிமிடமே காட்டும் சிவப்பு அட்டைக்கு இருக்கும் மதிப்பு இதனால்தான். அடிபட்ட அணிக்கு நேரடியாகக் கிடைக்கும் ஒரே நியாயம் அது. அதைத் தவறவிடக் கூடாது என்பதற்காகவே, வீடியோ பார்த்து ரெஃப்ரிக்கு உதவும் வி.ஏ.ஆர். முறை பார்க்கும் நான்கு வகைச் சம்பவங்களில் நேரடிச் சிவப்பு அட்டையும் ஒன்று.

ஐ.எஸ்.எல். வி.ஏ.ஆர். இல்லாமலே பல பருவங்கள் ஆடியது. பெரியமேடு நேரு ஸ்டேடியம் கேலரியில் உட்கார்ந்து சென்னையின் எஃப்.சி. ஆட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பந்து ஒரு பக்கம் போக, மறு பக்கத்தில் யாரோ சுருண்டு கிடப்பார். என்ன நடந்தது என்று பாதிக் கூட்டத்துக்குத் தெரியாது, வீட்டில் டி.வி. பார்க்கிற நண்பருக்குப் போன் போட்டுக் கேட்கவேண்டும். கேமராவே இல்லாத உள்ளூர் ஆட்டங்களிலோ ரெஃப்ரியின் அறிக்கைதான் வேதவாக்கு. என் அக்கா பையனின் முழங்கையை ஸ்லோ மோஷனில் யாரும் பார்க்கப்போவதில்லை.

டீக்கடைகளில் அடிக்கடி கேட்கும் ஒரு யோசனை உண்டு: அடிபட்டவன் எத்தனை மாதம் படுக்கிறானோ, அடித்தவனும் அத்தனை மாதம் உட்காரட்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 2008 பிப்ரவரியில் பர்மிங்காமின் மார்ட்டின் டெய்லர், ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடத்தில் ஆர்சனலின் எடுவார்டோவின் கால்மேல் பாய்ந்தார். டி.வி.யில் மறுபடி காட்டவே தயங்குகிற அளவுக்குக் கால் உடைந்தது. எடுவார்டோ ஏறக்குறைய ஒரு வருடம் ஆடவில்லை. டெய்லருக்கு ரெட் கார்டு, வழக்கமான மூன்று ஆட்டத் தடை, அவ்வளவுதான். ஆர்சனல் ரசிகர்கள் கொதித்தார்கள்.

ஆனால் காயத்தை அளவுகோலாக வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பந்தைப் பறிக்கப் போகும் ஒரு சாதாரண டேக்கிளில் கால் புல்லில் மாட்டி மூட்டு திருகிக்கொள்கிறது, ஆறு மாதம் படுக்கை. டேக்கிள் செய்தவன் என்ன தவறு செய்தான்? இன்னொருவன் முழு பலத்தோடு முகத்தை நோக்கிக் குத்துகிறான், எதிராளி குனிந்து தப்புகிறான். காயம் இல்லை, அதனால் தண்டனையும் இல்லையா? விதி பார்ப்பது செயலை. அதன் விளைவு பாதி அதிர்ஷ்டம். இருந்தாலும் காயம் குழுவின் கண்ணில் படாமல் போகாது, அவர்களும் மனிதர்கள்தான். 2006-ல் மான்செஸ்டர் சிட்டியின் பென் தாட்சர் ஓடிவந்து முழங்கையால் இடித்ததில் போர்ட்ஸ்மவுத்தின் பெட்ரோ மெண்டெஸ் நினைவிழந்து விழுந்தார். ரெஃப்ரி பார்த்துவிட்டு மஞ்சள் அட்டைதான் காட்டினார். ரெஃப்ரி பார்த்து முடிவெடுத்த விஷயத்தில் குழு தலையிடாது என்பதுதான் அங்கே வழக்கம். அந்த ஒரு தடவை வழக்கத்தை ஓரம் வைத்துவிட்டு எட்டு ஆட்டம் தடை போட்டார்கள்.

இழுத்தவனுக்கு ஒன்றும் இல்லையா என்பதற்கும் பதில் சொல்லவேண்டும். 2006 உலகக் கோப்பை இறுதி, பெர்லின், கூடுதல் நேரத்தில் 110-வது நிமிடம். பிரான்ஸின் ஜிடான் இத்தாலியின் மெட்டராஸ்ஸியின் மார்பில் தலையால் முட்டினார். ரெஃப்ரி எலிசோண்டோ பார்க்கவில்லை, நான்காவது அதிகாரி பார்த்துச் சொன்னார். ஜிடான் வெளியே. விசாரணையில் ஃபிஃபா ஜிடானுக்கு மூன்று ஆட்டத் தடையும் 7,500 ஃபிராங்க் அபராதமும் போட்டது. வாயால் சீண்டிய மெட்டராஸ்ஸிக்கும் இரண்டு ஆட்டத் தடை, 5,000 ஃபிராங்க். ஆக, சீண்டலும் குற்றம்தான். ஆனால் அது முட்டியவனின் கணக்கைத் துடைக்காது, தனிக் கணக்காக எழுதப்படும். இதில் வேடிக்கை, அந்த இறுதியோடு ஜிடான் ஓய்வு பெற்றுவிட்டார். ஆடவே போகாதவருக்கு ஆட்டத் தடை! அதற்குப் பதிலாகச் சமூக சேவை செய்ய ஒப்புக்கொண்டார்.

ரெஃப்ரி, ஒழுங்குக் குழு இரண்டையும் தாண்டி மூன்றாவதாக ஒரு மேசை இருக்கிறது, அது நீதிமன்றத்தில். தெருவில் ஒருவனை முட்டினால் போலீஸ் வரும், மைதானத்தில் முட்டினால் ஏன் வருவதில்லை? வரலாம் என்பதுதான் பதில். 1994 ஏப்ரலில் ரேஞ்சர்ஸ் அணியின் டங்கன் ஃபெர்குசன், ரெய்த் ரோவர்ஸின் ஜான் மெக்ஸ்டேயைத் தலையால் முட்டினார். ஆட்டத்தில் மஞ்சள் அட்டைகூட இல்லை. பின்னால் ஸ்காட்லாந்துக் கால்பந்துச் சங்கம் 12 ஆட்டம் தடை விதித்தது. அதோடு தாக்குதல் வழக்கும் நடந்து, மூன்று மாதச் சிறைத்தண்டனை பெற்று 44 நாள் உள்ளே இருந்தார். முன்பே அடிதடி வழக்குகளில் சிக்கியிருந்தது அவருக்குப் பாதகமாகப் போனது. 1995 ஜனவரியில் மான்செஸ்டர் யுனைடெட்டின் எரிக் கான்டோனா, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஏசிய ரசிகர்மேல் பறந்து உதைத்தார். செப்டம்பர் முடியும்வரை தடை. நீதிமன்றம் முதலில் இரண்டு வாரம் சிறை என்றது, மேல்முறையீட்டில் அது 120 மணிநேரச் சமூக சேவையாக மாறியது. நம் சென்னைக்கும் இதில் ஒரு ஞாபகம் உண்டு. 2015 டிசம்பரில் கோவாவை 3-2 என்று வென்று சென்னை முதல் ஐ.எஸ்.எல். கோப்பையை வாங்கிய அன்று, தன்னைத் தாக்கியதாகக் கோவா அணியின் இணை உரிமையாளர் கொடுத்த புகாரில் நம் அணியின் எலானோ கைதாகிப் பிணையில் வெளிவந்தார். மைதானக் கோட்டுக்குள் இருக்கிறோம் என்பதால் நாட்டின் சட்டம் வெளியே நிற்பதில்லை என்று காட்டிய சம்பவம் அது.

பிறகு ஒவ்வொரு டேக்கிளுக்கும் வழக்குப் போட முடியாதது ஏன்? நம் சட்டத்திலேயே இதற்கு அழகான பதில் இருக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 87-வது பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 25-வது பிரிவு. 18 வயது தாண்டிய ஒருவர் சம்மதித்து ஏற்றுக்கொண்ட தீங்கு, மரணமோ கொடுங்காயமோ விளைவிக்கும் எண்ணம் இல்லாதவரை, குற்றமாகாது என்கிறது அது. 1860-ன் சட்டம் கொடுக்கும் உதாரணமே விளையாட்டுதான்: இரண்டு பேர் பொழுதுபோக்குக்காக வாள்வீச்சு ஆட ஒப்புக்கொள்கிறார்கள். ஒழுங்காக ஆடும்போது ஒருவருக்குக் காயம் பட்டால் அது குற்றமில்லை. "ஒழுங்காக ஆடும்போது" என்ற அந்தச் சொற்களில்தான் எல்லாம் இருக்கிறது. மைதானத்துக்குள் இறங்கும்போது தோளோடு தோள் மோதுவதற்கும், தாமதமாக வந்த காலுக்கும், முட்டி சிராய்வதற்கும் நீ சம்மதிக்கிறாய். பந்து ஐம்பது அடி தள்ளி இருக்கும்போது முகத்தில் குத்து வாங்க யாரும் சம்மதிப்பதில்லை. கோச்சின் "பாலுக்கா ஆளுக்கா" நீதிமன்ற வாசல்வரை வருகிறது பாருங்கள். (என் அக்கா பையனுக்கு இன்னும் 18 ஆகவில்லை என்பதை இந்த இடத்தில் அவனிடம் சொல்லவில்லை. ஏற்கெனவே கடுப்பில் இருந்தான்.)

அவனுக்கான தடைக் கடிதம் புதன்கிழமை வந்தது. அடுத்த ஞாயிறு நானும் அவனும் கோட்டுக்கு வெளியே, தண்ணீர் பாட்டில்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். முதல் பாதி முடியும் நேரத்தில் எதிரணி ஆள் ஒருவன், இவன் நண்பனின் முகத்தை நோக்கிக் கையை வீசினான். நண்பன் விலகிக்கொண்டான். என் பக்கத்தில் இருந்தவன் துள்ளி எழுந்து, "ரெஃப்ரி! ரெட்டு! ரெட்டு!" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

"பட்டுச்சாடா?" என்று கேட்டேன்.

என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, மறுபடியும் கத்தப் போய்விட்டான்.